லைசென்சு உள்ளவருக்கு வாய்ப்பூட்டு! இல்லாதவருக்கு ஊரெல்லாம் விளம்பரம்!

ஜப்பான் நாட்டில், உடம்பு பிடித்து விடுவதற்கு லைசென்சு வேண்டும்.

கேட்டவுடன் கிடைக்கிற லைசென்சு அல்ல அது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு, அதற்கென்று உள்ள பள்ளிக்கூடத்தில் 3 வருடம் படிக்க வேண்டும். எலும்பு எங்கே இருக்கிறது, நரம்பு எங்கே ஓடுகிறது, எந்த நோயாளியைத் தொடக் கூடாது என்பதெல்லாம் பாடம். படித்து முடித்ததும் தேசியப் பரீட்சை. அதில் தேறியவருக்கு, சுகாதார மந்திரியின் பெயரால் லைசென்சு கொடுக்கிறார்கள்.

லைசென்சு கைக்கு வந்ததும், அதன் கூடவே ஒரு விலங்கும் வருகிறது. "இதைச் செய்யாதே, அதைத் தொடாதே, இதை வெளியே சொல்லாதே" என்று சட்டம் அவரைக் கட்டிப் போடுகிறது. அப்படிக் கட்டுவது சரிதான். பிறர் உடம்பின் மீது கை வைக்கிற தொழிலுக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

ஆனால், படித்து, பரீட்சை எழுதி, லைசென்சு வாங்கியவரைத்தான் அந்தச் சட்டம் கட்டுகிறது. ஒன்றும் படிக்காமல் எதிர்க் கடையில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிடுகிறது.

இது என்ன நியாயம்?

எவை எவை கூடாது?

இந்தச் சட்டம் 1947-ம் ஆண்டு டிசம்பரில் பிறந்தது. உடம்பு பிடித்தல், ஊசி குத்துதல், சூட்டு வைத்தியம் முதலிய பழைய தொழில்களுக்குச் சேர்த்துப் போட்ட சட்டம்.

அதற்கு முன்பு, அந்த வருடமே ஒரு பெரிய கலவரம் நடந்தது. போரில் தோற்ற ஜப்பானை அப்போது அமெரிக்க ராணுவத் தலைமையகம் ஆண்டுகொண்டிருந்தது. "ஊசி குத்துவதும் சூடு வைப்பதும் நாகரிகத்துக்கு ஒவ்வாதவை, சுகாதாரத்துக்கும் கேடு" என்று தலைமையகத்து அதிகாரிகள் தடை போடப் பார்த்தார்கள். இந்தத் தொழில்களை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த கண் தெரியாதவர்கள் கொதித்து எழுந்து கிளர்ச்சி செய்தார்கள். கடைசியில், தடை வரவில்லை. லைசென்சுச் சட்டம் வந்தது.

சட்டம் சொல்வது என்ன?

லைசென்சு பெற்றவர் கத்தி எடுக்கக் கூடாது. மருந்து கொடுக்கக் கூடாது. "இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள்" என்று யோசனை சொல்வது கூடத் தப்பு. எலும்பு முறிந்த இடத்தையும் மூட்டு விலகிய இடத்தையும் டாக்டரின் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. தொட்டால் 3 லட்சம் யென் வரை அபராதம்.

தொழில் செய்யும் அறைக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். பிடித்து விடுகிற அறை 6.6 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. வந்தவர்கள் காத்திருக்கிற இடம் 3.3 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். அறையின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு, வெளிக் காற்று வரும்படி திறந்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும். கடை திறந்த 10 நாளுக்குள், மாகாண அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடையே இல்லாமல் வீடு வீடாகப் போகிறவரும் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் நல்ல விதி, ரகசிய விதி. உடம்பு பிடிக்கப் படுத்திருப்பவர் பல விஷயங்களைச் சொல்வார். சொல்லாததையும் கை கண்டுபிடித்துவிடும். ஆபரேஷன் செய்த தழும்பு, அடி பட்ட காயம், வெளியே தெரியாத வியாதி, வீட்டுச் சண்டை எதுவானாலும் வெளியே போகக் கூடாது. தொழிலை விட்டுவிட்ட பிறகும் சொல்லக் கூடாது. சொன்னால் 5 லட்சம் யென் வரை அபராதம். ஆனால் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால்தான் வழக்குப் போடலாம். வழக்கு நடந்தால் அந்த ரகசியம் கோர்ட்டிலும் அடிபடும் அல்லவா? அதனால்தான் அந்த முடிவை அவரிடமே விட்டிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் மனிதரை அறிந்தவர்கள்.

குற்றம் செய்தவருக்கும், தொழிலில் ஒழுங்கீனமாக நடந்தவருக்கும் லைசென்சு மறுக்கலாம். கொடுத்த பிறகு தெரிந்தால் பறிக்கலாம். 3 வருடப் படிப்பும் அதோடு போச்சு!

துணி மேலா? தோல் மேலா?

ஜப்பானியரின் சொந்த முறைக்கு "அன்மா" என்று பெயர். அதில் உடுப்பைக் கழற்ற வேண்டியதில்லை. துணியின் மேலேயே பிசைவார்கள். இதயத்தின் பக்கம் தொடங்கி, விரல் நுனியை நோக்கிப் போவார்கள்.

"மசாஜ்" ஐரோப்பாவில் இருந்து போனது. அது வெறும் தோலின் மேல் செய்வது. விரல் நுனியில் தொடங்கி, இதயத்தை நோக்கி வருவது. அன்மாவுக்கு நேர் தலைகீழ்!

மூன்றாவது "ஷியாட்சு". விரலால் அழுத்தும் முறை. இதை 1955-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். இன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே லைசென்சு.

வாய்ப்பூட்டு

இனிமேல்தான் சங்கடம் வருகிறது.

லைசென்சு பெற்றவர் தம் கடைக்கு விளம்பரம் செய்யலாம். ஆனால் எதைச் சொல்லலாம் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. பெயர், விலாசம், டெலிபோன் நம்பர், என்ன தொழில், எந்தக் கிழமை, எந்த நேரம், முன்கூட்டிச் சொல்லி வைக்கலாமா, வீட்டுக்கு வருவாரா, கார் நிறுத்த இடம் உண்டா என்பது போன்ற சில விஷயங்கள். அவ்வளவுதான்.

தம் கைத்திறமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. என்ன முறையில் செய்கிறார் என்று சொல்லக் கூடாது. எங்கே படித்தார், எத்தனை வருடம் அனுபவம் என்பதையும் போடக் கூடாது. மீறினால் 3 லட்சம் யென் வரை அபராதம்.

இது வெறும் மிரட்டல் அல்ல. ஒசாகா பக்கத்தில் சூட்டு வைத்தியம் செய்த ஒருவர், நோட்டீசு அச்சடித்து சுமார் 7,000 பிரதிகள் வினியோகித்தார். "நரம்பு வலி, வாதம், வயிற்றுக் கோளாறு" என்று அதில் வியாதிகளின் பெயரைப் போட்டிருந்தார். அதற்காக அவர் மீது வழக்கு வந்தது. "பேச்சுச் சுதந்திரம் எங்கே?" என்று சுப்ரீம் கோர்ட்டு வரை போய்க் கேட்டார். "இப்படி விட்டால் ஜனங்கள் மயங்கிப்போய், உரிய காலத்தில் டாக்டரிடம் போக மாட்டார்கள்" என்ற கருத்தில், 1961-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எல்லாரும் ஒரே கருத்தில் இருக்கவில்லை. ஆனாலும் பெரும்பான்மையின் தீர்ப்பு அதுதான்.

அந்தத் தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. "எந்த வியாதியும் பறந்துபோகும்" என்று எழுதிவிட்டு, புற்றுநோய்க்காரனின் முதுகைப் பிசைந்துகொண்டிருந்தால் என்ன ஆவது? வாயைக் கட்டியது, நோயாளியின் உயிரைக் காக்க.

ஆனால், எத்தனை வருடம் தொழில் செய்தார் என்பதைக் கூடச் சொல்லக் கூடாது என்பது கொஞ்சம் அதிகம்தான். அது தற்புகழ்ச்சியா? உண்மைத் தகவல் அல்லவா?

அதுவும் போகட்டும் என்று விட்டுவிடலாம், எல்லார் வாயையும் கட்டியிருந்தால்!

எதிர்க் கடை எப்படி வந்தது?

1951-ல் ஒருவர், மின்சாரக் கருவி ஒன்றை வைத்து வைத்தியம் செய்தார். ஒரு தடவைக்கு 100 யென் வாங்கினார். அவரிடம் லைசென்சு இல்லை. "வைத்தியம் போன்ற தொழில்களை லைசென்சு இல்லாமல் செய்யக் கூடாது" என்ற விதியின் கீழ் வழக்கு. அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1960-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. "எந்தத் தொழிலையும் செய்ய எவருக்கும் உரிமை உண்டு. உடம்புக்குக் கெடுதல் செய்யக் கூடியதாக இருந்தால்தான் இந்த விதி அதைத் தடுக்கும்" என்பது தீர்ப்பின் சாரம். கெடுதல் உண்டா, இல்லையா என்று மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். திரும்ப விசாரித்த கோர்ட்டு, "கெடுதல் செய்யக் கூடியதுதான்" என்று சொல்லி, அந்த மனிதரைத் தண்டித்துவிட்டது. 1964-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. ஆக, வழக்குப் போட்டவர் தப்பவில்லை. ஆனால் அவர் வழக்கில் பிறந்த அந்த ஒரு வாக்கியம் மட்டும் தப்பிப் பிழைத்து, இன்று வரை ஆயிரக்கணக்கான கடைகளுக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறது!

அந்தத் தீர்ப்பு மசாஜுக்குப் பொருந்தாது என்பது சர்க்காரின் கட்சி. மசாஜை லைசென்சு இல்லாமல் செய்தால், கெடுதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம்தான். 5 லட்சம் யென் வரை அபராதம் உண்டு.

அப்படியானால் எதிர்க் கடைக்காரர் என்ன செய்கிறார்? "நாங்கள் செய்வது மசாஜே அல்ல" என்கிறார்!

பலகையில் "மசாஜ்" என்ற வார்த்தை இருக்காது. "மொமிஹோகுஷி" என்று இருக்கும். பிசைந்து இளக்குதல் என்று அதற்கு அர்த்தம். இல்லாவிட்டால் "ரிலாக்சேஷன்", "பாடி கேர்" என்று இங்கிலீஷில் இருக்கும். பக்கத்தில் பெரிய எழுத்தில் "60 நிமிடம் 2,980 யென்" என்று போட்டிருப்பார்கள். உள்ளே போய்ப் படுத்தால், முதுகில் விழுகிற கை என்னவோ ஒரே கைதான்.

எது மசாஜ், எது மசாஜ் அல்ல? 2003-ல் சுகாதார இலாகா ஒரு விளக்கம் கொடுத்தது. செய்பவர் தம் உடல் எடையைப் போட்டு, படுத்திருப்பவருக்கு வலி தெரிகிற அளவு பலமாக அழுத்தினால், அது லைசென்சு வேண்டிய மசாஜ்தான் என்றது. வலித்தால் குற்றம், சுகமாக இருந்தால் குற்றம் இல்லையா? இதை அளக்க, போலீஸ்காரர் பக்கத்துக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டுமா?

2013-ல் இன்னொரு கூத்து நடந்தது. நாட்டில் உள்ள தொழில்களைக் கணக்கெடுக்கிற சர்க்கார் பட்டியலில், "கையால் செய்யும் ரிலாக்சேஷன் தொழில்" என்று புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தார்கள். கணக்குக்காகத்தான் சேர்த்தார்கள். ஆனாலும், ஒரு கையால் தடுத்துக்கொண்டே மறு கையால் பெயர் சூட்டிய கதைதான் இது!

கழுத்தை முறுக்கினால்?

"பாவம், பிழைத்துப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜப்பானின் நுகர்வோர் இலாகா, 2017-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. லைசென்சு தேவைப்படாத இப்படிப்பட்ட இடங்களில் ஏற்பட்ட விபத்துகள் பற்றி, 2009 செப்டம்பரில் இருந்து 2017 மார்ச்சு வரை வந்த தகவல்கள் 1,483. அவற்றில் 240 பேருக்கு, குணமாக ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆயிற்று. நரம்பில் அடி, தசையில் அடி, விலா எலும்பில் முறிவு. இவை சொல்ல வந்தவர்களின் கணக்குதான்.

2014-ல் ஒசாகாவில் நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 4 மாதக் கைக்குழந்தை. உடம்புக்கு நல்லது என்று நம்பி, பெற்றவர்கள் ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அவரிடம் லைசென்சு இல்லை. குழந்தையின் கழுத்தைப் பிடித்து முறுக்கிப் பிசைந்தார். மூச்சு நின்றுபோன குழந்தை, சில நாட்களில் இறந்துவிட்டது. 2015-ல் கோர்ட்டு அவருக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை விதித்து, அதையும் 3 வருடம் நிறுத்தி வைத்தது.

லைசென்சு உள்ளவர் கையால் விபத்தே நடக்காது என்று யாரும் சொல்லவில்லை. நடந்தால், பறிப்பதற்கு அவரிடம் ஒரு லைசென்சு இருக்கிறது. லைசென்சு இல்லாதவரிடம் எதைப் பறிப்பது?

ஒரு கண் கேட்டவர்

இந்த அநியாயத்தில் அதிகமாக அடி வாங்குகிறவர்கள், கண் தெரியாதவர்கள்.

ஜப்பானில் உடம்பு பிடிப்பது பல நூறு வருடங்களாகக் கண் தெரியாதவர்களின் தொழில். இரவு நேரத்தில் தெருவில் சீட்டி ஊதிக்கொண்டே போவார்கள். சத்தம் கேட்டு, வேண்டியவர்கள் கூப்பிடுவார்கள். 1962-ல் வெளிவந்து, பிறகு வரிசையாக எடுக்கப்பட்ட "ஸாட்டோயிச்சி" சினிமாவின் கதாநாயகனும் கண் தெரியாத உடம்பு பிடிப்பவன்தான். வாள் வீசுவது அவனுக்கு இரண்டாவது தொழில்.

இந்தத் தொழிலுக்கு மானம் தேடிக் கொடுத்தவர் சுகியாமா வாயிச்சி. 1610-ல் பிறந்தவர், சிறு வயதில் பார்வை போனவர். ஊசியை ஒரு சிறு குழாய்க்குள் விட்டு, வலிக்காமல் குத்துகிற முறையைப் பரப்பியவர். ட்சுனயோஷி என்ற ஷோகனுக்கே வைத்தியம் பார்த்தார். "உமக்கு என்ன வேண்டும்?" என்று ஷோகன் கேட்டாராம். "ஒரே ஒரு கண்" என்றாராம் இவர். அதைக் கொடுக்க ஷோகனால் ஆகுமா? "ஒரு கண்" என்று அர்த்தம் வரும்படி பெயர் கொண்ட ஓர் இடத்தில், நிலம் கொடுத்தாராம். கதையில் எவ்வளவு உண்மையோ, அந்த இடத்தில் அவர் பெயர் கொண்ட கோயில் இன்றும் டோக்கியோவில் இருக்கிறது. கண் தெரியாதவர்கள் இந்தத் தொழில்களைக் கற்க அவர் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். பாரிஸ் நகரத்தில் கண் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததற்கு, சுமார் 100 வருடம் முந்திய சங்கதி அது.

1871-ல் புது சர்க்கார் அவர்களுடைய பழைய சங்கத்தைக் கலைத்துவிட்டது. கண் உள்ளவர்களும் தொழிலுக்குள் புகுந்தார்கள். 1911-ல் பரீட்சை வைத்தபோது, கண் தெரியாதவர்களுக்குச் சுலபமான பரீட்சை தனியாக வைத்தார்கள். 1964-ல் சட்டத்தில் 19-வது பிரிவைச் சேர்த்தார்கள். கண் உள்ளவர்களுக்குப் புதிய மசாஜ் பள்ளிக்கூடம் திறக்க யாராவது மனுப் போட்டால், கண் தெரியாதவர்களின் பிழைப்பு கெடும் என்று தெரிந்தால், சர்க்கார் மறுத்துவிடலாம் என்பது அந்தப் பிரிவு. "தற்காலிகமாக" என்றுதான் எழுதினார்கள். அந்தத் தற்காலிகம் 60 வருடத்தைத் தாண்டிவிட்டது.

இதை எதிர்த்து ஒரு கல்வி நிலையம் வழக்குப் போட்டது. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, "இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதம் அல்ல" என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிவிட்டது. நல்ல தீர்ப்பு. கண் உள்ளவனுக்கு நூறு தொழில் இருக்கிறது.

ஆனால் காவல் எங்கே இருக்கிறது? 3 வருடம் படித்து, பரீட்சை எழுதி வர விரும்புகிற கண் உள்ள இளைஞனை, முன் வாசலில் நிறுத்தித் தடுக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் சுவரே இல்லை. சில நாள் பயிற்சியோடு எவ்வளவு பேர் வேண்டுமானாலும் நுழையலாம். "பெயரை மட்டும் மாற்றிக்கொள்" என்பதுதான் நிபந்தனை! முன்பு இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் கண் தெரியாதவர்கள் இருந்தார்கள். இப்போது லைசென்சோடு தொழில் செய்பவர்களிலேயே அவர்கள் கால் பங்கு அளவுதான்.

கண் தெரியாத ஒருவர், எதிர்க் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தா புகார் கொடுக்க முடியும்? தம் பலகையில் "30 வருட அனுபவம்" என்று எழுதவும் அவருக்கு வழி இல்லை. எதிர்க் கடைக்காரரோ, "கைதேர்ந்தவர்கள்" என்று வண்ண விளக்குப் போட்டு எழுதிக்கொள்கிறார். அவரை அந்த 7-வது பிரிவு தொடுவதில்லை. அது லைசென்சு உள்ளவருக்கு எழுதிய பிரிவு!

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 2016-ல் இருந்து, லைசென்சு உள்ளவர்கள் படத்தோடு ஓர் அட்டை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறது. விளம்பரங்களைப் பற்றி 2018 முதல் ஒரு குழு கூடிக் கூடிப் பேசியது. 2025-ல் வழிகாட்டி நெறிகளும் வந்தன. சில பெரிய கம்பெனிகள், தங்கள் சிப்பந்திகளுக்கு உடம்பு பிடித்து விட, கண் தெரியாத லைசென்சுக்காரர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கின்றன. ஊனமுற்றோருக்கு இத்தனை வேலை தர வேண்டும் என்ற சட்டக் கணக்கு, 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமாக உயர்ந்தது. கம்பெனிகளுக்கு அந்தக் கணக்கும் சரியாகிறது. நல்லதுதான்.

ஆனால், சொந்தக் கடை வைத்திருப்பவருக்கு இதெல்லாம் போதாது.

என்ன செய்யலாம்?

எதிர்க் கடைகளை எல்லாம் ஒரே நாளில் மூடச் சொன்னால் நடக்காது. அங்கே வேலை செய்கிறவர்களும் கூலிக்காரர்கள்தான். முதலாளிக்கு ஒரு பங்கு போக, மிச்சத்தில் பிழைக்கிறவர்கள் அவர்களில் பலர். மெதுவாகத் தோளைப் பிடித்து விடுவதற்கு 3 வருடப் படிப்பு எதற்கு என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஆனால் காசு வாங்கிக்கொண்டு பிறர் உடம்பை அழுத்துகிறவர், தம் தொழிலுக்கு என்ன பெயர் வைத்தாலும், மாகாண அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கட்டும். லைசென்சுக்காரருக்கு 6.6 சதுர மீட்டர் அறையும் காற்றும் கட்டாயம் என்றால், இவருக்கும் அது கட்டாயமாகட்டும். ரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற விதியும், முறிந்த எலும்பைத் தொடக் கூடாது என்ற விதியும், சட்டத்தின் பேராலேயே இவர் மீதும் விழட்டும். கழுத்தை முறுக்குவதையும், கைக்குழந்தையைத் தொடுவதையும் இவர்களுக்கு அடியோடு தடுத்துவிட வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கூடாது.

விளம்பரத்துக்கும் ஒரு வழி உண்டு. லைசென்சு இல்லாத கடையின் வாசலில், விலை எழுதிய அதே அளவு எழுத்தில், "இங்கே இருப்பவர்களிடம் சர்க்கார் லைசென்சு இல்லை" என்று எழுதி வைக்கச் சொல்லட்டும். லைசென்சு உள்ளவருக்கு, வியாதிகளின் பெயரைப் போட வேண்டாம்; படித்த பள்ளியையும் தொழிலுக்கு வந்த வருடத்தையும் போட்டுக்கொள்ள மட்டும் அனுமதி கொடுக்கட்டும்.

இதற்குப் புதுச் சட்டம் கூடத் தேவை இல்லை. 1947-ம் வருடத்துச் சட்டத்தில் பல முறை திருத்தம் செய்திருக்கிறார்கள். டோக்கியோ பார்லிமெண்டு இன்னும் ஒரு முறை அதைக் கையில் எடுக்க வேண்டும்.